இரண்டு விலா எலும்பும் ஒரு தலையணையும்

1

சுவிஸ் நாட்டில் ஒருவருக்கு எலும்பு முறிந்தால் நோவு ஆறுவதற்கு முன்பே படிவம் வந்து சேர்ந்துவிடும். எனக்கு வந்தது மூன்று பக்கம். இடப்பக்க விலாவில் இரண்டு எலும்புகள் வெடித்திருந்தன. இருமினால் உயிர் போய் வந்தது. சிரித்தால் போன உயிர் திரும்பி வரச் சற்று யோசித்தது. பகிடி எழுதுகிறவன் என்று நாலு பேரிடம் பெயரெடுத்த ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது.

வைத்தியரிடம் தனியாகப் போனதுதான் நான் விட்ட பிழை. டொச், அதாவது ஜேர்மன் மொழியில் தலையணைக்கும் முத்தத்துக்கும் இடையில் உதடு குவிகிற அளவுதான் வித்தியாசம். முப்பது வருடத்துக்கு மேலாக முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே கிழங்குக்கும் கரட்டுக்கும் உதட்டைக் குவிக்க வேண்டியதில்லை. ஆகவே வைத்தியரிடம், "ஊரில் என் பழைய சிநேகிதன் ஒருவன், முந்நூறு பேருக்கு முன்னால், நான் கீழே விழும்வரை என்னை விடாமல் முத்தமிட்டான்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மிகவும் கனிவான குரலில், வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார்.

படிவத்தை நிரப்ப மகள் துளசி உட்கார்ந்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது. அவள் பிறந்ததும் பள்ளிக்கூடம் போனதும் இங்கேதான். என்னோடு தமிழிலும் படிவங்களோடு டொச்சிலும் கதைப்பாள். படிவங்களோடு கதைக்கும்போது அவள் முகத்தில் தெரிகிற நெருக்கத்தை நான் கவனித்துத்தான் இருக்கிறேன்.

"ஏழாவது கேள்வி. எந்த நேரத்திலை, எப்பிடி உடைஞ்சது?"

"அதை விட்டிட்டு எட்டாவதை எழுது."

"எட்டாவது, சம்பந்தப்பட்ட மற்ற ஆள் ஆர், உங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு எண்டு கேக்கினம். அவர் உங்களுக்கு ஆர், அப்பா?"

நான் இருமுவதுபோல் பாவனை செய்தேன். பாவனை உண்மை இருமலாகிவிட்டது.

2

மற்ற ஆளின் பெயர் குகனேசன். அச்சுவேலிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் அவன் கோல் காப்பாளன், நான் அவனுக்கு முன்னால் நிற்கிற தடுப்பாளன். உலகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு இடத்தில் படித்தது: மைதானமும் சினிமாவும். வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியில் சண்டைக் காட்சி வந்தால் வீடியோ நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மூன்று தரம் பார்ப்போம். கதாநாயகன் ஒரு அடிக்கு ஒரு வசனம் சொல்லுவான். "இது என் தங்கைக்காக." ஒரு குத்து. "இது என் ஊருக்காக." இன்னொரு குத்து. வில்லன் வசனம் முடியும்வரை மரியாதையாக நின்று, பிறகு அடியை வாங்குவான்.

நாங்கள் இதைப் பரிசோதித்தோம். அயலூர்க்காரன் ஒருவனை மடக்கி, "இது நேற்று நீ..." என்று நான் தொடங்கியதும் அவன் என் மூக்கில் குத்திவிட்டான். உண்மையான எதிராளி வசனத்துக்குக் காத்திருப்பதில்லை என்பது என் முதலாவது இலக்கிய விமர்சனம். சட்டையெல்லாம் இரத்தத்தோடு அதை எழுதினேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதான வருடம் இறுதி ஆட்டம் அயலூர் மைதானத்தில் நடந்தது. கடைசி நிமிடங்களில் நடுவர் அவர்களுக்குத் தண்ட உதை கொடுத்தார். கொடுத்தது சரி. தடுக்கி விழுத்தினது நான்தான். ஆனால் சரியான தீர்ப்பை ஏற்றுக்கொள்கிற வழக்கம் இரண்டு ஊரிலும் இருக்கவில்லை. முதலில் நடுவரின் விசில் பறிபோனது. பிறகு நடுவர் பறிபோனார். வேலிக் கதியால் தடிகளைப் பிடுங்குகிற சத்தம் படபடவென்று கேட்டது. சைக்கிள் செயின்கள் சுழன்றன. ஒருவனுடைய காது பாதி தொங்கியதைக் கண்டேன். எங்கள் அணித்தலைவன் ஒரு கிணற்றுக்குள் குதித்து உயிர் தப்பினான். எனக்கு அகப்பட்டது மைதானத்து மூலையில் நின்ற கொடிக்கம்பு. கமுகமரத்துச் சிலாகையில் சீவிய தடி. முன்னால் நின்ற எதிரணிக்காரனின் தலையைக் குறிவைத்து முழுப் பலத்தோடு வீசினேன். அவன் குனிந்தான்.

அவனுக்குப் பின்னால் குகன் வந்துகொண்டிருந்தான், என்னைக் காப்பாற்ற.

கம்பு வாயில் பட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். இரண்டு முன்பற்கள். அவன் நிலத்தில் துப்பியதைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வாயிலிருந்து இரத்தம் கழுத்தால் வழிந்து கோல் காப்பாளனின் பச்சை பெனியனைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சனம் எங்களை இரண்டு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நாலாம் நாள் என் பயணம். என்னைப் பெற்ற ஐயா, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுடன் ஏற்கனவே கதைத்து வைத்திருந்தார். ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது ஏஜென்சியின் முதல் நிபந்தனை. போகிற அன்று பின்னேரம் சைக்கிளில் குகன் வீட்டு வாசற்படலையடியால் போனேன். நிற்க வேண்டும் என்றுதான் போனேன். வீங்கிய வாயோடு அவன் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்ததும் கால் தானாக மிதித்துவிட்டது. பெல்லை இரண்டு தரம் அடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே வந்து அகதி விண்ணப்பத்தில் ஊரை விட்டு வந்த காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எல்லாம் உண்மை. குகனை மட்டும் எழுதவில்லை.

3

இந்த நாட்டுக் கிராமங்களில் ஒரு மல்யுத்தம் உண்டு. ஷ்விங்கன் என்பார்கள். வட்டமாக மரத்தூள் கொட்டி, சாக்குத் துணியில் தைத்த அரைக்காற்சட்டையை மற்ற உடுப்புக்கு மேல் போட்டுக்கொண்டு, ஒருவர் காற்சட்டையை மற்றவர் பிடித்துத் தூக்கி அடிப்பார்கள். மாடு வளர்க்கிற மனிதர்கள், கழுத்தே இல்லாதவர்கள். விழுகிற சத்தம் அரிசி மூட்டை லொறியிலிருந்து விழுகிற சத்தம். முதுகு மரத்தூளில் பட்டால் தோல்வி. பிறகு வென்றவன் தோற்றவனின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தன் கையால் தட்டிவிட வேண்டும். அதுதான் வழக்கம். தட்டாமல் போகிறவனைச் சனம் மதிக்காது.

குடியுரிமை நேர்முகத்தில் ஐந்து பேர் எதிரே இருந்து இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டார்கள். நான் எல்லாம் சொல்லி முடித்து, "எங்கள் ஊரில் வென்றவர், தோற்றவர் இருவரையும் பொலிஸ் வந்து தட்டும்" என்று சேர்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் குறித்துக்கொண்டார். குடியுரிமை இரண்டு வருடம் பிந்தித்தான் வந்தது.

துளசி பதினாறு வயதில் அந்த மரத்தூளுக்குள் இறங்கினாள். நான் அவளுக்குத் தமிழ்ப் பாடசாலை, சங்கீதம், வயலின் எல்லாம் காட்டினேன். அவள் ஒரு பால்காரரின் மகளைத் தலைக்கு மேல் தூக்கி அடித்துக் காட்டினாள். என் மனைவி இதை வெளியில் சொல்வதில்லை. ஆராவது கேட்டால் துளசி நடனம் பழகுகிறாள் என்பார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, கால் வேலை நிறைய உண்டு.

முதன்முறை போட்டி பார்க்கப் போனபோது நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். திறந்தபோது துளசி குனிந்து அந்தப் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாக, தோளிலிருந்து கீழ்நோக்கி. எனக்கு உடனே ஒரு பச்சை பெனியன் ஞாபகம் வந்தது. வெளியே போய்க் காருக்குள் இருந்தேன்.

4

நாட்டில் போர் ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்த பிறகு ஏழு தரம் ஊருக்குப் போயிருக்கிறேன். ஏழு தரமும் குகனுக்கும் எனக்கும் போக்குவரத்து இல்லை. வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. கலியாணவீட்டுப் பந்தலில் ஒரே வரிசையில் இருக்கலாம், செத்தவீட்டில் பாடையைச் சேர்ந்து தூக்கலாம். ஆனால் ஒருவர் வாயால் மற்றவருக்கு ஒரு சொல் வராது. சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆளுக்குச் சொல்லி, பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொள்ள விடுவது. நான் கடிதம் போட்டேன், மறுமொழி இல்லை. தொலைபேசி எடுத்தேன், தாயிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் இப்போது இரும்புக் கேற் ஒட்டுகிற வெல்டிங் கடை வைத்திருக்கிறான். என் தங்கை சாந்தி வீட்டுக் கேற்றும் அவன் செய்ததுதான். நான் உள்ளே நிற்கும்போதுதான் அதைப் பொருத்த வந்தான். என்னைத் தாண்டிப் போய், "தங்கச்சி, உதிலை நிக்கிற ஆளை அங்காலை தள்ளி நிக்கச் சொல்லு. வெல்டிங் பொறி பறக்கும்" என்றான். முப்பது வருடத்தில் என் நலன் பற்றி அவன் காட்டிய ஒரே அக்கறை.

இந்தச் சித்திரையில் கழகத்தின் ஆண்டுவிழா. நானும் துளசியும் போயிருந்தோம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அவன் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. தூஷணமானாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். எனக்கும் வயது ஐம்பத்தாறு. அடுத்த தரம் எப்போது வருவேனோ, வந்தால் அவன் இருப்பானோ, தெரியாது.

சாந்திக்கு வேறு பயம். "அண்ணை, உங்கை ஏதும் பிரச்சினையெண்டால் உடனை வீட்டை வந்திடுங்கோ. இப்ப கொடிக்கம்பு இல்லை. இப்ப வாள்."

"நான் ஓடுறதிலை கெட்டிக்காரன். உனக்குத் தெரியும்தானே."

"ஓம், ஊருக்கே தெரியும்" என்றாள்.

மைதானத்தின் நடுவில் ஒரு லோட் மணல் கொட்டி, அதற்கு மேல் நெஞ்சளவு உயரத்தில் பனந்தீராந்தி என்கிற பனை உத்தரம் ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். தலையணைச் சண்டை. இரண்டு பேர் எதிரெதிராகத் தீராந்தியில் கால் போட்டு இருந்து, இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, வலக்கையால் விழும்வரை மொத்த வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணைகள் முதல் சுற்றிலேயே வெடித்துப் பறந்தன. அதன் பிறகு வந்தவை வைக்கோல் அடைத்த உரப்பைகள், அதுவும் தண்ணீரில் நனைந்தவை. பெயர் மட்டும் தலையணை.

பெண்களுக்கு இந்தப் போட்டி இல்லை என்று அறிவிப்பாளர் ரூபன் ஒலிவாங்கியில் சொன்னதைத் துளசி கேட்காததுபோல் ஏறி இருந்தாள். முதல் இளைஞன் மூன்றாவது அடியில் மூக்கால் இரத்தம் வடிய விழுந்தான். இரண்டாமவன் தாடி வைத்த வங்கி உத்தியோகத்தர். மனைவி பார்த்துக்கொண்டிருந்தபடியால் கூட நேரம் தாக்குப் பிடித்தார். அவர் தலைகீழாகப் போனபோது துளசி தீராந்தியிலிருந்து குதித்து அவரிடம் போனாள். முதுகு மண்ணைத் தட்டத்தான் கையை ஓங்கினாள். அவர் அதை மிச்ச அடி என்று நினைத்து எழும்பி ஓடினார். வழக்கத்தை விட மனமில்லாமல் இவள் கலைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"ஐயோ, விழுத்தினதும் காணாமல் சுவிஸ் தங்கச்சி கலைச்சுக் கலைச்சு அடிக்கிறா!" என்று ரூபன் அலறினான். முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவன் ஒருவன்தான். கழகத் தலைவர் என்ற பட்டி குத்திய சட்டையோடு, எனக்கு மூன்றடி தள்ளி நின்ற குகன். "ரூபன்," என்றான், "அந்தப் பிள்ளை ஏன் முதுகிலை தட்டுது எண்டு உவரைக் கேள்."

ரூபன் ஒலிவாங்கியோடு என்னிடம் வந்தான். "சுவிஸ் அண்ணையிட்டைத் தலைவர் ஒரு கேள்வி கேக்கிறார்!"

நான் விளக்கினேன். அடித்தவன் தட்டிவிட வேண்டும், அது அங்கத்தைய மரியாதை என்றேன். என் குரல் நாலு ஒலிபெருக்கியிலும் போய் அயலூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

குகன் ரூபனைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "அப்ப உவற்றை நாட்டிலை அடிச்சவன் ஓடிப்போறேல்லைப்போலை எண்டு சொல்லு."

ரூபனுக்கு இருபத்தைந்து வயது. ஒன்றும் விளங்காமல் அதை அப்படியே ஒலிவாங்கியில் திருப்பிச் சொன்னான். விளங்க வேண்டிய வயதுக்காரர் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

துளசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரூபனின் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை வாங்கி ஏதோ எழுதினாள்.

"அடுத்ததாக ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர், வெளிநாடு எதிர் உள்நாடு," என்று ரூபன் வாசித்தான். "எங்கடை தலைவர் குகனேசன் அண்ணை... அவரோடை மோதுறது சுவிஸ் மணி அண்ணை!"

மணி நான்தான். "என்னடி செய்திருக்கிறாய்?" என்று துளசியைக் கேட்டேன்.

"அப்பா, ஷ்விங்கனிலை ரெண்டு பேர் கோவமெண்டால் உள்ளுக்கை விட்டிடுவினம். பிறகு சரியாகும்."

"சரியாகாட்டில்?"

"எலும்பு உடையும்" என்றாள் சாதாரணமாக.

5

தீராந்தியில் ஏறிய உடனேயே பனஞ்சிராய் ஒன்று தொடையில் ஏறியது. எதிரே குகன். ஒட்டு வேலை செய்த கைகள், முழங்கை வரை பொறி பட்ட புள்ளிகள். கட்டிய முன்பற்கள் இரண்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதியது கேட்கவில்லை.

முதல் அடி கன்னத்தில். காதுக்குள் கோயில் மணி.

"இது பல்லுக்கு எண்டு நினையாதை."

முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தைகள். நான் அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முன் இரண்டாவது அடி விலாவில் இறங்கியது.

"பல்லுக் கட்டிப்போட்டன். பல்லு அந்தக் கிழமையே மறந்துபோச்சு."

நான் திருப்பி அடித்தேன். உண்மையாகத்தான் அடித்தேன், உரப்பை அவன் தாடையில் பட்டு உதடு கிழிந்தது. பழைய இடம். இரத்தத்தைக் கண்டதும் உரப்பையை மடியில் இறக்கிவிட்டேன். "குகன், நான் என்ன செய்யிறது, ஏஜென்சிக்காரன் ஒருத்தருக்கும்..." என்று தொடங்கினேன். உண்மையான எதிராளி வசனத்துக்குக் காத்திருப்பதில்லை. மூன்றாவது அடி வாயை மூடியது.

"பெல் அடிச்சிட்டுப் போனனீ!"

நாலாவது.

"ரெண்டு தரம் அடிச்சனீ! நான் படலையடிக்கு ஓடி வந்தனான்ரா! வாயிலை துணியோடை!"

ஐந்தாவது, ஆறாவது. எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியவில்லை. நனைந்த வைக்கோல் வெடித்து முகத்தில் அப்பியது. சனம் ஆரவாரித்தது. அவன் என்ன சொல்கிறான் என்பது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

"நீ திரும்பிப் பாக்கேல்லை. ஒருக்கா, ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தால்..."

வசனத்தை அவனும் முடிக்கவில்லை. ஏழாவது அடியில் வானமும் தீராந்தியும் இடம் மாறின. முதுகடித்து மணலில் விழுந்தேன். மூச்சு எங்கேயோ போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது மேலே தீராந்தியில் அவன் தனியாக இருந்தான், கையில் வெறும் உரப்பை. அழுதுகொண்டிருந்தானா, வைக்கோல் தூசா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன்.

அவன் இறங்கி வந்தான். குப்புறத் திரும்பி எழும்ப முயன்ற என்னைச் சட்டைக் கொலரில் பிடித்து இருத்தினான். முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"என்னடா செய்யிறாய்?"

"மண் தட்டுறன்."

இன்னொரு அறை. பாய் உதறுகிறவர்கள்கூட இப்படி அடிக்க மாட்டார்கள்.

"என்ரை மகள் மெதுவாத் தட்டினவள்."

"எனக்கு உப்பிடித்தான் தெரியும். பொத்திக்கொண்டு இரு."

தட்டினான். தட்டினான். தோள், முதுகு, விலா. துளசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இனி மண் இல்லை" என்றாள்.

"இருக்குப் பிள்ளை," என்றான் குகன். "கனகாலத்து மண்."

6

படிவத்துக்கு வருகிறேன். எட்டாவது கேள்வி சுலபமாக முடிந்தது. டொச் மொழியில் சிநேகிதன் என்ற சொல்லுக்கு உதட்டைக் குவிக்க வேண்டியதில்லை.

ஏழாவதில் துளசி, "தீராந்தியிலிருந்து விழுந்தபோது" என்று எழுதினாள். காப்புறுதிக்காரர் ஏற்றுக்கொண்டார்கள். விழுந்தபோது முறிந்தால் விளையாட்டு விபத்து. வேறு விதமாக முறிந்திருந்தால் அதற்கு வேறு படிவம், வேறு அலுவலகம், ஒருவேளை பொலிஸ். அவள் கெட்டிக்காரி, திரும்பிக் கேட்கவில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். விழுந்தபோது ஒரு எலும்பும் முறியவில்லை. மணல் நல்ல மணல். மூச்சுத்தான் போனது, திரும்பி வந்துவிட்டது. எலும்பு முறிந்தது பிறகு, அவன் தட்டியபோது. மூன்றாவது அறையிலோ நாலாவதிலோ உள்ளே ஒன்று டக்கென்றது. அடுத்த அறையில் அதற்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு வடிவாகக் கேட்டது. அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து அறை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நோகுது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் அந்தக் கணமே நிறுத்தியிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.